தங்கக் கவசம் ஏன் மினுங்கவில்லை? மினியேச்சர் பூச்சில் பழுது பார்க்கும் வழி

வார்ஹேமர் என்பது சின்ன உருவங்களுக்கு வண்ணம் பூசி மேசைமேல் ஆடும் போர் விளையாட்டு. அதை ஆடுபவர்களில் தங்க வண்ணத்தைக் கண்டு தயங்காதவர்கள் குறைவு. அதன் ஒரு வடிவமான ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ 2015-ல் வெளிவந்தபோது முன்வரிசையில் நின்ற ஸ்டார்ம்காஸ்ட் எட்டர்னல் வீரர்களுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை தங்கக் கவசம். இன்னொரு வடிவமான வார்ஹேமர் 40,000 பக்கம் போனால் அடெப்டஸ் கஸ்டோடீஸ் படை, அங்கேயும் அதே கதை. ஆசைப்பட்டுப் பெட்டியை வாங்கியவர் முதல் தோள் கவசத்தை முடித்ததுமே மாட்டிக்கொள்கிறார். பூச்சு திட்டுத்திட்டாக இருக்கும், இல்லையென்றால் கோடுகோடாக இருக்கும். உடனே மேலே இன்னொரு கோட் அப்புவார். குறை தீராது, கவசத்தின் ஆணித்தலையும் செதுக்கு வேலையும் மூடிப்போவதுதான் மிச்சம்.

ஏன் இப்படி என்று புரிய, புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். சாதாரண அக்ரிலிக் வண்ணத்தில் இருப்பது மாவாக அரைத்த நிறமி. அது எப்படித் திரும்பிக் கிடந்தாலும் நிறம் ஒன்றுதான். மெட்டாலிக் வண்ணத்தில் இருப்பவை தட்டையான நுண்செதில்கள். தண்ணீரில் கரையும் தங்க வண்ணங்களில் பெரும்பாலும் இது மைக்கா, அதாவது அப்பிரகம். அதன்மேல் டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் மெல்லிய படலமாக ஏற்றப்பட்டிருக்கும். செதில்கள் படுத்துக் கிடந்தால் ஒளி ஒரே பக்கம் திரும்பி மினுங்கும். தாறுமாறாக நின்றால் ஒளி சிதறி மங்கும். செதிலுக்கும் செதிலுக்கும் இடையே சந்து இருப்பதால் அடியில் உள்ள நிறமும் எட்டிப் பார்க்கும். ஆக, கோளாறு வரக்கூடிய இடம் மூன்று: செதிலுக்கு அடியில், செதில் கிடக்கும் விதத்தில், செதிலுக்கு மேலே.

எது என்று கண்டுபிடிக்க ஒரு மேசை விளக்கு போதும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, உருவத்தை அதன் கீழ் மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் தெரிந்த குறை மறு கோணத்தில் மறைந்தால், செதில் கிடக்கும் விதத்தில் பிரச்சினை. எப்படித் திருப்பினாலும் அதே இடத்தில் கறையாகவோ திட்டாகவோ நின்றால், அடிப்பூச்சிலோ மேலே போட்ட வாஷிலோ (இடுக்கில் நிழல் தரும் நீர்த்த வண்ணம்) வார்னிஷிலோ பிரச்சினை. இதைப் பார்க்காமல் பிரஷைக் கையில் எடுக்காதீர்கள்.

அடிப்பூச்சு பல்லிளிக்கிறது

எந்தக் கோணத்திலும் கருப்போ சாம்பலோ திட்டாகத் தெரிகிறது என்றால் முதல் சந்தேகம் புட்டி மேல். செதில்கள் கனமானவை, நாலு நாள் சும்மா இருந்தாலே அடியில் படிந்துவிடும். மூடியைத் திறந்ததும் மேலே வெளிறிய நீர் நின்றால், நீங்கள் பிரஷில் எடுப்பது வெறும் பிசின்தான். ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். அதற்குப் பிறகும் பல்குத்தும் குச்சியை அடிவரை விட்டுக் கிளறிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கட்டி தட்டுப்படும். உள்ளே குண்டு போட்டுக் குலுக்குவதானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குண்டோ கண்ணாடி மணியோ போடுங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் சாதா இரும்புக் குண்டு துருப்பிடித்து வண்ணத்தையே கெடுத்துவிடும்.

அடுத்த சந்தேகம் தண்ணீர். “மெல்லிசாக ரெண்டு கோட்” என்று எல்லாரும் சொல்லிக்கொடுக்கும் பாடம் மற்ற நிறங்களுக்குச் சரி. தங்கத்தில் தண்ணீர் கூடினால் செதில்கள் ஆளுக்கொரு பக்கம் மிதந்து போய்விடும். பிரஷ் ஈரமாக இருந்தாலே பல சமயம் போதும். அதற்கு மேல் நீர்க்க வேண்டுமானால் நிறமில்லாமல் வண்ணத்தை நீர்க்கும் ‘மீடியம்’ சேர்க்கலாம்: சிட்டடல் நிறுவனத்தின் லேமியன் மீடியம் அல்லது வயேஹோ நிறுவனத்தின் மெட்டாலிக் மீடியம் மாதிரி ஒன்று. வெட் பேலட் (அடியில் ஈரம் வைத்த வண்ணத்தட்டு) எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும் தங்கத்தை அதில் வைக்காதீர்கள். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் செதில் ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம். வழவழப்பான டைல்ஸ் துண்டு ஒன்று இருந்தால் போதும்.

இரண்டும் சரியாக இருந்து இன்னும் பல்லிளித்தால் அடிநிறத்தைப் பாருங்கள். சிட்டடலில் ரெட்ரிபியூட்டர் ஆர்மர் என்ற தங்கம் பேஸ் வரிசையைச் சேர்ந்தது, நன்றாக மூடும். கருப்பு பிரைமர் (வண்ணம் ஒட்ட முதலில் அடிக்கும் பூச்சு) மேலும் நின்றுவிடும். ஆரிக் ஆர்மர் கோல்ட், லிபரேட்டர் கோல்ட் இரண்டும் லேயர் வரிசை, மேல் கோட்டுக்கான மெல்லிய வண்ணங்கள். அவற்றை நேராகக் கருப்பின் மேலோ வெள்ளையின் மேலோ அடித்துவிட்டு மூடவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தங்கத்துக்கு அடியில் பழுப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது. ரைனாக்ஸ் ஹைட் மாதிரி அடர்பழுப்பு வைத்தால் பழந்தங்கம். மோர்ன்ஃபாங் பிரவுன் மாதிரி செம்பழுப்பு வைத்தால் சூடான தங்கம். காவி மஞ்சள் வைத்தால் பளிச்சென்று வரும். ஐரோப்பாவில் படச் சட்டங்களுக்குத் தங்க ரேக்கு ஒட்டியவர்கள் அடியில் ‘போல்’ எனப்படும் சிவப்புக் களிமண்ணைப் பூசியதன் பலனும் இதுதான்: ரேக்கில் விழும் சந்துகளில் எட்டிப் பார்க்கும் நிறம் சூடாக இருக்கும்.

ஏற்கெனவே திட்டாகிவிட்ட தகட்டுக்கு மருந்து தங்கம் அல்ல. நன்றாகக் காயவிட்டு, மேலே மெல்லிய பழுப்பு ஒரு கோட், பிறகு தங்கம் இரண்டு கோட். தங்கத்தின் மேல் தங்கமாக நாலைந்து கோட் ஏற்றுவதைவிட இது மெல்லிசாகவே முடியும்.

பிரஷ் கோடுகள் தெரிகின்றன

கஸ்டோடீஸ் முழங்காலுக்குக் கீழே உள்ள கவசத் தகட்டை விளக்கில் சாய்த்துப் பாருங்கள். அகலமான, வளைவான, செதுக்கு வேலை அதிகம் இல்லாத இடம். மேலிருந்து கீழாகப் பளபளக்கும் வரிகளும் மங்கல் வரிகளும் மாறிமாறி வரும். உருவத்தைக் கால்வட்டம் திருப்பினால் பளபளத்தது மங்கும், மங்கியது பளபளக்கும். செதில்கள் பிரஷ் போன திசையில் வரிசைகட்டி நிற்பதன் அடையாளம் இது. ஒரு வீச்சு மேலே, அடுத்தது கீழே, நடுவில் கொஞ்சம் குறுக்கே என்று போனால் ஒவ்வொரு வீச்சும் தனித்தனியாகத் தெரியும்.

இதைவிட மோசம், பாதி காய்ந்த இடத்துக்குத் திரும்பப் போவது. மேலே தோல் கட்டிய வண்ணத்தைப் பிரஷ் இழுத்துக்கொண்டு போகும், மேடும் பள்ளமுமாகும். நம் ஊர் வெயிலில், அதுவும் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தால், அரை நிமிடத்தில் தோல் கட்டிவிடும். தங்கம் அடிக்கும் அந்த நேரம் மட்டுமாவது விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

முனை கூரான சின்ன பிரஷால் பெரிய தகட்டை அடிக்கக் கூடாது. உங்களிடம் உள்ளதில் அகலமான, மெத்தென்ற செயற்கை இழை பிரஷை எடுங்கள். விலையுயர்ந்த சேபிள் (விலங்கு முடி) பிரஷை இதற்கு எடுப்பது வீண். செதில்கள் முடியின் அடிக்குப் போய் உட்கார்ந்து, நாளடைவில் முனையைப் பிளந்துவிடும். ஒரு தகட்டை ஒரே மூச்சில், ஒரே திசையில் முடித்துவிட்டு அடுத்த தகட்டுக்குப் போங்கள். விட்டுப்போனது கண்ணில் பட்டாலும் திரும்ப வேண்டாம், அடுத்த கோட்டில் பார்த்துக்கொள்ளலாம். இருபது நிமிடம் கழித்து இரண்டாவது கோட். அது முதலாவதற்குக் குறுக்காகப் போனால் வரி உடையும். வாள், ஈட்டிக் காம்பு மாதிரி நீளமானவற்றில் மட்டும் கடைசிக் கோட் நீளவாக்கில் இருக்கட்டும். அங்கே வரி தெரிந்தாலும் உலோகத்துக்கு அது பொருந்தும்.

வரி விழுந்துவிட்டதா? மீடியம் சேர்த்த தங்கத்தைப் பிரஷ் நுனியால் இழுக்காமல் குத்திக்குத்தி வையுங்கள். செதில்கள் பல திசையில் விழும், வரி கரையும். பளபளப்பு சற்றுக் குறையும், ஆனால் சீராக இருக்கும். தோள் கவசம், தலைக்கவசம் மாதிரி உருண்டையான இடங்களில் எனக்கு இதுதான் பிடித்த முறை. வரி வெறும் ஒளிவித்தையாக இல்லாமல் நகத்தில் நெருடும் மேடாகவே இருந்தால், ஒருநாள் காயவிட்டு 2000 எண் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மிக லேசாகத் தேய்த்து, பழுப்பிலிருந்து தொடங்குங்கள்.

சொரசொரவென்று, பொடிப்பொடியாக மின்னுகிறது

இது இரண்டு வேறு நோய். நகத்தால் வருடிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தும் கண்ணுக்குப் பொடியாகத் தெரிந்தால், வண்ணத்தின் செதில் அளவு பெரிது, அவ்வளவுதான். 32 மி.மீ. அளவு உருவத்தில் மனிதக் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் செதில் கவசமாகத் தெரியாது, ஜிகினாவாகத்தான் தெரியும். கைவினைக் கடையில் பெரிய புட்டியில் மலிவாகக் கிடைக்கும் தங்கத்தில் இது அதிகம். வேறு வண்ணத்துக்கு மாறுவதுதான் வழி.

தொட்டாலே சொரசொரத்தால் பெரும்பாலும் ஸ்பிரேயின் வேலை. உச்சிவெயிலில் மொட்டைமாடியில் நின்று தூரத்திலிருந்து அடித்தால், துளி காற்றிலேயே காய்ந்து தூசாக வந்து ஒட்டும். 20 முதல் 30 செ.மீ. தூரம், காலை நேரம், சிறுசிறு வீச்சு. மழைக்காலத்தில் சென்னை மாதிரிக் கடற்கரை ஊர்களில் ஸ்பிரே கேனைத் தொடாமல் பிரஷால் அடிக்கும் பிரைமருக்கு மாறிவிடுவதே நிம்மதி. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு: 0.2 மி.மீ. நாசில் செதிலில் அடைத்துக்கொண்டு துப்பும். 0.3 அல்லது 0.4 போடுங்கள், ஏர்பிரஷுக்கென்றே வரும் மெட்டாலிக்கை வாங்குங்கள், கோப்பையில் வண்ணம் படியாமல் அவ்வப்போது கிளறிக்கொண்டே இருங்கள்.

தண்ணீர் சேர்த்ததும் திரிந்துவிட்டது

புட்டியின் லேபிளைப் படியுங்கள். வயேஹோவின் லிக்விட் கோல்ட் வரிசை ஆல்கஹாலில் கரைத்தது. மினுக்கத்தில் நீர்வகை அக்ரிலிக் எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது, ஆனால் தண்ணீரோடு சேராது. நீர்க்கவும் பிரஷ் கழுவவும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம், உதவாத பழைய பிரஷை எடுங்கள். ஆல்கஹால் அடியில் உள்ள அக்ரிலிக்கையும் கரைக்கும். ஒரே இடத்தில் தேய்த்தால் அடிப்பூச்சோடு வந்துவிடும். ஒரு வீச்சு, விட்டுவிட வேண்டும். முழுக் கவசத்துக்கும் இது சரிப்படாது. வாளின் பிடி, கிரீடம், கழுகுச் சின்னம் மாதிரி சின்ன இடங்களில் வைத்தால் அதன் மதிப்பு தெரியும்.

கவசம் கவரிங் நகை மாதிரி இருக்கிறது

கோடு இல்லை, திட்டு இல்லை, பூச்சு சீராக இருக்கிறது. ஆனாலும் உயிர் இல்லாமல் ஒரே மஞ்சளாக, கவரிங் நகை மாதிரித் தெரிகிறது. இங்கே பூச்சில் குறை ஒன்றுமில்லை, வேலை பாதியில் நிற்கிறது. உண்மையான தங்கத் தகட்டில் இருட்டு மிக இருட்டாகவும் வெளிச்சம் ஏறக்குறைய வெள்ளையாகவும் இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் உருவத்துக்கு அந்த ஏற்ற இறக்கம் தானாக வராது; நாம்தான் வரைய வேண்டும்.

நிழலுக்குச் செம்பழுப்பு. ரைக்லாண்ட் ஃபிளெஷ்ஷேட் வாஷ் இத்தனை பேர் கையில் இருப்பதற்குக் காரணம் அதன் செந்நிறம், தங்கத்தைச் சூடாக்கும். அக்ராக்ஸ் எர்த்ஷேட் போட்டால் அழுக்கேறிய பழைய கவசம். அடுத்து, தகட்டின் நடுவில் மறுபடி ரெட்ரிபியூட்டர் ஆர்மர், மேல் பாதியில் லிபரேட்டர் கோல்ட். இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், கவசம் கவரிங்காகவே நிற்பதும் இதனால்தான். லிபரேட்டரோடு ஸ்டார்ம்ஹோஸ்ட் சில்வரைச் சரிபாதி கலந்து, மேலே பார்க்கும் விளிம்புகளில் மட்டும் பிரஷின் பக்கவாட்டால் உரசுங்கள். மூக்கு நுனி, தோள் விளிம்பு, முழங்கால் முனை ஆகிய மூன்று நான்கு புள்ளிகளில் கலக்காத வெள்ளி. வெள்ளி வைக்கக் கை கூசும். வைத்துவிட்டு ஒரு கை நீளம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கீழே பார்க்கும் விளிம்புகளை விட்டுவிடுங்கள். எல்லா விளிம்புக்கும் கோடு இழுத்தால் மறுபடி தட்டையாகிவிடும்.

வாஷ் அடித்ததும் செத்துப்போனது

இது சாய்த்தாலும் மாறாத குறை. காய்ந்த வாஷ் செதில்கள் மேல் மங்கலான படலமாக உட்கார்ந்திருக்கிறது. கூடவே தகட்டின் நடுவில் வளையக் கறையும் இருக்கலாம்: குட்டையாக நின்ற நீர் ஓரத்திலிருந்து காயும்போது நிறமியை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் அங்கேயே விட்டுவிடும்.

வாஷைக் கவசம் முழுக்க ஊற்றுவது ஸ்டார்ம்காஸ்ட் மாதிரி இடுக்கு நிறைந்த உருவத்துக்கு ஓரளவு ஒத்துவரும். அகலமான தகடுகளில் இடுக்கில் மட்டும் பிரஷ் நுனியால் விடுங்கள். அதற்கு முன் தங்கத்தின் மேல் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் ஒரு கோட் போட்டிருந்தால் வாஷ் தானாக இடுக்கைத் தேடி ஓடும். தகட்டில் வழிந்தது ஒரு நிமிடத்துக்குள் கண்ணில் பட்டால், சுத்தமான ஈரப் பிரஷின் நுனியை அதில் வைத்தாலே உறிஞ்சிவிடும். ஒன்று கவனிக்கவும்: சிட்டடல் ‘ஷேடு’ எனப்படும் தன் வாஷ் வரிசையை 2022-ல் மாற்றியமைத்தது. அதற்கு முந்தைய வழிமுறைகளில் சொன்ன அளவு இப்போதைய புட்டிக்கு அப்படியே பொருந்தாது. முதலில் முதுகுப் பக்கம் ஓரிடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செத்துப்போனதை எழுப்புவது எளிது. இடுக்கை விட்டுவிட்டு, தகட்டின் மேல் மட்டும் அதே தங்கத்தை மெல்லிசாக மறுபடி வைத்தால் போதும். கறை மறையும், இடுக்கில் நிழல் இருக்கும். வாஷை அழிக்கிறேன் என்று தேய்த்துவிடாதீர்கள்.

தங்கத்தில் பச்சை ஓடுகிறது

மஞ்சளோடு கருப்பு சேர்ந்தால் ஆலிவ் பச்சை. நல்ன் ஆயில் மாதிரி கருப்பு வாஷைத் தங்கத்தின் மேல் விட்டால் கவசம் சாக்கடையில் விழுந்து எழுந்த நிறத்துக்குப் போகும் காரணம் இதுதான். செம்பழுப்பை மெல்லிசாக மேலே ஓட்டினால் பச்சை அடங்கும். அடித்த அன்று நன்றாக இருந்து, மாதங்கள் கழித்துப் பச்சையோ கருமையோ ஏறினால் கதை வேறு. சில தங்க வண்ணங்களில் இருப்பது மைக்கா அல்ல, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத் தூள். காற்றும் ஈரமும் பட்டால் கறுக்கும். முடித்த கையோடு வார்னிஷ் போட்டு மூடுவதுதான் காப்பு.

வார்னிஷுக்குப் பின் மங்கிவிட்டது

மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் எப்படி மேட் ஆகிறது? அதில் உள்ள நுண்ணிய சிலிக்கா துகள்கள் மேற்பரப்பைக் கரடாக்கி ஒளியைச் சிதறடிக்கின்றன. துணிக்கும் தோலுக்கும் அது வேண்டும், தங்கத்துக்கு அது விஷம். தங்கப் பகுதியில் மட்டும் பிரஷால் கிளாஸ் வார்னிஷ் போட்டால் இழந்த மினுக்கம் பெருமளவு திரும்பிவிடும். வெள்ளைப் பனி படர்ந்த மாதிரி இருந்தால் அது ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்ததன் விளைவு. அதற்கும் முதலில் கிளாஸ் கோட் ஒன்று போட்டுப் பாருங்கள், பல சமயம் தெளிந்துவிடும். இனி வரும் உருவங்களுக்கு வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முழு உருவத்துக்கும் கிளாஸ், காய்ந்ததும் மேலங்கி, முகம், தோல்வார் ஆகியவற்றுக்கு மட்டும் பிரஷால் மேட். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட சாட்டின் வார்னிஷ்.

முகத்திலும் மேலங்கியிலும் பொன்துகள்

பிரஷ் கழுவிய தண்ணீரை விளக்கில் பாருங்கள், உள்ளே செதில்கள் சுழலும். மெட்டாலிக்குக்கென்று தனிக் கிண்ணம், தனி பிரஷ். தங்க வேலையை முதலில் முடித்துவிட்டு, தண்ணீரை மாற்றிவிட்டு மற்ற நிறங்களுக்கு வாருங்கள். ஒட்டிய துகளைத் துடைத்தால் பரவும். காய்ந்தபின் அந்த இடத்தின் அடிநிறத்தால் மூடுங்கள்.

விளிம்பில் உரிகிறது

ஈட்டி முனையிலும் தலைக்கவசக் கொம்பிலும் மட்டும் உரிந்தால் கைபட்டுத் தேய்ந்தது. பூசும்போது பிடியில் ஒட்டிவைத்துப் பிடியுங்கள், ஆட்டத்துக்குப் போகுமுன் வார்னிஷ் போடுங்கள். தகடு தகடாக உரிந்தால், குறிப்பாக ரெசின் (அச்சில் ஊற்றி வார்க்கும் பிசின்) உருவத்தில், அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப்பசை போகவில்லை. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ் வைத்துத் தேய்த்துவிட்டுப் பிரைமர் அடித்திருக்க வேண்டும். இப்போது மேலே ஒட்டுப்போடுவது நிற்காது.

நேரில் நன்றாக இருக்கிறது, போட்டோவில் கருப்பு

உலோகம் எதிரே இருப்பதைத்தான் காட்டும், இருட்டறை இருந்தால் இருட்டைக் காட்டும். இரு பக்கமும் வெள்ளைத் தாளை நிறுத்தி, விளக்குக்கு முன் பட்டர் பேப்பர் வைத்து எடுங்கள். பூச்சைத் தொட வேண்டாம்.

எல்லாம் செய்தும் தேறவில்லை

செதுக்கு வேலை வண்ணத்தில் மூழ்கிப்போயிருந்தால் கழுவிவிடுவதே நேரம் மிச்சம். பிளாஸ்டிக் உருவத்தை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி ஊறவையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதமும் வேலை செய்யும், நேரம்தான் கூடுதலாக எடுக்கும். சில மணி நேரம் கழித்துக் கையுறை போட்டுக்கொண்டு டூத்பிரஷால் தேய்த்தால் வண்ணம் கழன்று வரும். அசிட்டோன் வேண்டாம், நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் அப்படியே கரைந்து கூழாகிவிடும். ரெசின் என்றால் நேராக முக்காமல், பாகங்கள் ஒட்டி வந்த சட்டகத்தின் மிச்சத் துண்டு ஒன்றை முதலில் ஊறவைத்துப் பாருங்கள். சூப்பர் குளூ ஒட்டுகள் விட்டுப்போகலாம், கை கால்களைத் தேடும்படி ஆகிவிடாமல் ஒரு சல்லடையில் வடிகட்டுங்கள். பிரைமர் ஆங்காங்கே போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் மெனக்கெட வேண்டாம். செதுக்கு வேலை தெளிவாகத் தெரிகிறது என்றால் அதன் மேலேயே மறுபடி பிரைமர் அடிக்கலாம்.